வாதி

இங்கே ஆற்றுக்கு வாதி என்று பெயர்.
வேலையில் சேர்ந்த வாரம்
பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
பரமக்குடி முன்சீப் கோர்ட்டில்
அம்மா தட்டச்சு செய்த தாள்களில்
வாதி என்றால் வழக்குப் போட்டவர்.
இப்ரா அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
முப்பத்தெட்டு வாதிகளுக்கு நான் எழுத்தர்.

தண்ணீர் இல்லாத ஆறுகள்.
வரைபடத்தில் விட்டு விட்டு ஒரு நீலக் கோடு;
நேரில் போனால் கூழாங்கல், கருவேலம்,
ஆட்டுப் புழுக்கை, யாரோ எறிந்த மோர் பாட்டில்.
மலையைக் கட்டம் கட்டமாக அறுத்து
ஒவ்வொரு கட்டத்தையும் கேட்போம்:
மழை பெய்தால் எட்டுப் பக்கத்தில்
எந்தப் பக்கம் போவாய்?
ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
போகவில்லை, இங்கேயே கிடக்கிறேன் என்னும் பள்ளங்களை
முதலிலேயே நிரப்பிவிடுவோம்.

பெர்க்மான்ஸ் மாதம் ஒருமுறை
பாலத்தில் தொங்கி உணரிகளைத் துடைப்பான்.
"இருபத்தேழுல குளவி கூடு கட்டியிருக்கு மேடம்."
குளவியும் எனக்குத் தரவுதான்:
நாலு நாளாக 0.31 மீட்டர், அசையாமல்.
அதை அழித்துவிட்டு
மைனஸ் போட்டு நான்கு ஒன்பதுகள் எழுதுவேன்.
தெரியாது என்று அர்த்தம்.
சுழியம் என்றால் தண்ணீர் இல்லை.
தெரியாது வேறு, இல்லை வேறு;
இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஜூலையில் ஒரு செவ்வாய், மூன்றே முக்கால்.
ஊருக்குள் நாற்பத்து மூன்று டிகிரி,
வானத்தில் ஒரு பிசிறு இல்லை.
மலைக்குப் பின்னால் எங்கோ கொட்டியிருக்கிறது.
இருபத்தேழாம் நிலையம் பத்தே நிமிடத்தில்
சுழியத்திலிருந்து மூன்று புள்ளி ஆறுக்குத் தாவியது.
ஒரே மூச்சில் ஒரு மீட்டருக்கு மேல் ஏறினால் பிழை:
நான் எழுதிய விதி,
குளவிகளை மனதில் வைத்து எழுதியது.
வாதியின் வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்து
ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு
அது அடுத்த வரிக்குப் போனது.
நான் தேநீர் ஆறக் காத்திருந்தேன்.

பெர்க்மான்ஸ் கூப்பிட்டான். பின்னால் பேரிரைச்சல்.
"பாலத்துக்குக் கீழ லேபர் கேம்ப் இருக்குல்ல மேடம்..."
கேம்பா?
பேரீச்சந்தோப்பு இருந்தது என்னிடம், தனி அடுக்காக.
பள்ளிவாசல், பெட்ரோல் பங்க், பலஜ் வாய்க்கால்,
ஒட்டகப் பந்தயத் திடல்கூட இருந்தது.

பதினெட்டுப் பேர் தண்ணீர் லாரியின் முதுகில்,
மற்றவர்கள் ரோட்டு மேட்டில்.
ஆள் யாரும் போகவில்லை.
போனவை: ஒன்பது கட்டில், ஒரு பெரிய அடுப்பு,
மைநுல் பாஸ்போர்ட் வைத்திருந்த பிஸ்கட் டப்பா.

மறுநாள் நஸ்ரா என் நாற்காலியருகே நின்று
விதியைத் திறக்கச் சொன்னாள்.
ஒன்று இருந்த இடத்தில் ஐந்து போட்டேன்.
இனி குளவிகள் ஏமாற்றுமே, என்றேன்.
ஏமாற்றட்டும்,
பொய் எச்சரிக்கைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்
என்றாள் மேலாளர்.

பிறகு தகரக் கொட்டகைகளை வரைந்தேன், பதினொன்று.
மூலைமூலையாகச் சொடுக்கி மூடியதும்
வகை? என்று கேட்டது படிவம்.
பண்ணை, பள்ளி, கடை, கிடங்கு, மற்றவை.
கிடங்கின்மேல் விரல் ஒரு கணம் நின்றது
என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.
புதிதாக ஒன்று சேர், என்றாள் நஸ்ரா.
அவள் சொன்ன அரபிச் சொல்லுக்குக்
குடியிருப்பவர்கள் என்று பொருளாம்.
அடுத்த கேள்வி: தற்காலிகமா, நிரந்தரமா?
"பதினாறு வருஷம் ஆச்சு மேடம்"
என்றான் வாசலில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த பெர்க்மான்ஸ்.
யாரைச் சொன்னான் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. நிலையம் இருபத்தேழு.
0.19. 0.21. 0.18. 0.20.
தேங்கிய நீரில் சேற்றுப் போர்வைகளை
நாலு பேர் அலசும் படம் வந்தது போனில்.
இந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை
இரைச்சல் என்று வழக்கமாகத் துடைத்துவிடுவேன்.